இறக்கத்தில் நியூட்ரல்: மிச்சமா, செலவா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் செய்திமடலில் படிப்பார்கள் என்பதால், அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதித் தந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். கியர் வைத்த காரை இறக்கத்தில் ஓட்டும்போது, அல்லது சிக்னலை நோக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும்போது, நியூட்ரலில் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சமா? கியரிலேயே விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மிச்சமா? நம் குடியிருப்பில் இருபது பேரைக் கேட்டால் பதினைந்து பேராவது "நியூட்ரல்தான்" என்பார்கள். கோடை விடுமுறை வருகிறது. ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்று பல குடும்பங்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும். ஏறும்போது எல்லாரும் ஜாக்கிரதையாகத்தான் ஏறுகிறோம். இறங்கும்போது "இனி பெட்ரோலே வேண்டாம், தானாக உருளும்" என்று நியூட்ரலில் தள்ளிவிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. பணத்தை மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் நான்கைந்து பேரையும் தொட்ட விஷயம் என்பதால்தான் நேரம் கேட்டு வாங்கினேன்.

நான் இன்ஜினியர் இல்லை. வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் எழுதியவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே, வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம் என்று எழுதிக் காட்டுகிறேன். இன்ஜினியர்கள் சபையில் இருக்கிறீர்கள், தவறு இருந்தால் திருத்துங்கள்.

முதலில், நியூட்ரலில் உருட்டும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அது முட்டாள்தனமாக வந்த பழக்கம் இல்லை. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 1983-ல் வந்த மாருதி 800 இவையெல்லாம் கார்புரேட்டர் வண்டிகளாக ஓடிய காலம். கார்புரேட்டர் என்பது காற்று போகும் ஒரு குறுகலான வழி. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்த வேகத்தில் பெட்ரோலும் கூடவே இழுபட்டுப் போகும். இப்போது பெட்ரோல் வேண்டும், இப்போது வேண்டாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. கியரில் இறங்கினால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் உறிஞ்சலும் அதிகம். தேவையே இல்லாமல் பெட்ரோல் உள்ளே போகும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் மெதுவாக ஓடும், பெட்ரோல் குறையும். ஆகவே நம் அப்பாக்களும் அவர்களுடைய டிரைவர்களும் சொன்னது அந்த வண்டிக்குப் பெரும்பாலும் சரியான கணக்கு.

பிறகு வண்டி மாறியது, கணக்கு மாறவில்லை. 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, நம் நாட்டுப் பெட்ரோல் கார்கள் கார்புரேட்டரை விட்டு எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் இன்ஜெக்டர் முறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நாடு முழுவதும் வந்துவிட்டது. இன்று நம் வாகன நிறுத்தத்தில் நிற்கும் கார்களில் கார்புரேட்டர் வண்டி ஒன்று இருந்தால் அதிசயம். இன்ஜெக்டர் வண்டியில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கிறதா, இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் பார்த்து, அதற்கு ஏற்ற அளவு பெட்ரோலைத் தெளிக்கச் சொல்வது அதுதான்.

இங்கேதான் முக்கியமான விஷயம். நீங்கள் மூன்றாவது கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து முழுவதும் எடுக்கிறீர்கள். கிளட்சைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் பார்க்கிறது: காலையும் எடுத்துவிட்டார், இன்ஜினோ சும்மா நிற்கும்போது சுற்றுவதைவிட வேகமாகச் சுற்றுகிறது. அப்படியானால் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, பெட்ரோல் எதற்கு என்று இன்ஜெக்டரை மூடிவிடுகிறது. குறைப்பதில்லை, அடியோடு நிறுத்துகிறது. அந்த நேரத்தில் உங்கள் கார் குடிக்கும் பெட்ரோல் பூஜ்யம். வேகம் குறைந்து இன்ஜின் சுற்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கும்போது, வண்டி நின்றுபோகாமல் இருக்க மறுபடியும் பெட்ரோல் தெளிக்கத் தொடங்கும். எந்தச் சுற்றில் தொடங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். காலையில் எடுத்தவுடன் இன்ஜின் சூடாகாத முதல் சில நிமிடங்களில் இந்த நிறுத்தம் நடக்காமலும் இருக்கலாம். இப்போதைய டீசல் வண்டிகளிலும் இதே ஏற்பாடுதான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். "கியரில் இறங்கும்போது இன்ஜின் உறுமுகிறதே, ஆர்.பி.எம். முள் ஏறுகிறதே, அப்புறம் எப்படிப் பெட்ரோல் பூஜ்யம்?" நியாயமான சந்தேகம். கரண்ட் போன நேரத்தில், ஜன்னல் வழியாக வரும் காற்றில் வீட்டு மின்விசிறி மெல்லச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுகிறது என்பதற்காக மீட்டர் ஓடுமா? அதே மாதிரிதான். இன்ஜின் சுற்றுவதும் பெட்ரோல் எரிவதும் எப்போதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதில்லை. இறக்கத்தில் கியரில் இருக்கும்போது இன்ஜினைச் சுற்றுவது வண்டியின் சொந்த எடையும் வேகமும்.

இப்போது நியூட்ரலைப் பாருங்கள். நியூட்ரலில் போட்டதும் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். சக்கரம் இன்ஜினைச் சுற்றாது. அது நின்றுபோகாமல் இருக்க வேண்டுமானால் தன் சொந்தப் பெட்ரோலில்தான் ஓடியாக வேண்டும். சிக்னலில் நிற்கும்போது ஓடுகிறதே, அதே ஓட்டம். வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஏசி போட்டிருந்தால் கம்ப்ரஸரையும் அந்தப் பெட்ரோல்தான் சுற்ற வேண்டும். கியரில் இருந்தால் ஏசியையும் சக்கரமே சுற்றிக்கொடுத்துவிடும்.

எவ்வளவு ரூபாய்? நம் வீடுகளில் இருக்கும் சிறிய பெட்ரோல் கார்கள் நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை குடிக்கும். கணக்குக்கு வசதியாக 0.6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 60 ரூபாய். அதாவது நிமிடத்துக்கு ஒரு ரூபாய். மனதில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு. நியூட்ரலில் உருட்டும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு ரூபாய். கியரில் விட்டுக் காலை எடுத்த நிமிடத்துக்குப் பூஜ்யம்.

சிலர் "எங்கள் காரில் மைலேஜ் காட்டும் திரை இருக்கிறது, நியூட்ரலிலும் முழு மைலேஜ்தான் காட்டுகிறது" என்கிறார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. நியூட்ரலில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உருண்டால், 0.6 லிட்டர் கணக்கில் லிட்டருக்கு 66 கிலோமீட்டர் வருகிறது. பல கார்களின் திரை 30, 40 என்று ஓர் எல்லையோடு நின்றுவிடும், அதற்கு மேல் காட்டாது. 66 ஆனாலும் அதே கோடு, பெட்ரோலே ஓடாவிட்டாலும் அதே கோடு. இரண்டும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் போனில் பார்க்கிற சிறு கருவி வைத்திருக்கும் இளைஞர்கள் பெட்ரோல் ஓட்டத்தையே பார்க்கலாம், வித்தியாசம் தெரியும்.

கருவி இல்லாதவர்களும் உணர்ந்து பார்க்க ஒரு வழி உண்டு. காலியான, சமமான சாலையில் மூன்றாவது கியரில் நாற்பதில் போங்கள். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துவிட்டுக் காலை முழுவதும் எடுங்கள். கிளட்ச் வேண்டாம். வண்டி சற்று இழுத்துப் பிடித்த மாதிரி வேகம் குறையும். ஒரு கட்டத்தில் அந்தப் பிடி தளர்ந்து, யாரோ லேசாகத் தள்ளிவிட்டது போல இருக்கும். அதுதான் பெட்ரோல் மறுபடியும் வரத் தொடங்கிய இடம். அதற்கு முன்னால் ஓடியதெல்லாம் இலவசம்.

இதில் டிரைவிங் ஸ்கூல் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. பிரேக் என்றாலே முதலில் கிளட்சை மிதிப்பது. எல் போர்டு காலத்தில் வண்டி நின்றுபோகக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததை இருபது வருடமாக விடாமல் செய்கிறோம். கிளட்சை மிதித்தால் அது நியூட்ரலுக்குச் சமம், உடனே பெட்ரோல் ஓட ஆரம்பித்துவிடும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் முதலில் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், பிறகு தேவைப்பட்ட அளவு பிரேக் மிதியுங்கள். வண்டி திணறப் போகிறது என்று தோன்றும்போது கிளட்ச் மிதித்தால் போதும்.

சரி, நகரத்துக்குள் இதனால் வருடத்துக்கு எவ்வளவு மிச்சம்? மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். தினமும் அலுவலகம் போய் வர இருபது இடத்தில் வேகம் குறைக்கிறீர்கள். ஒவ்வொன்றிலும் ஆறு விநாடி பெட்ரோல் நிற்கிறது. மொத்தம் 120 விநாடி, இரண்டு நிமிடம். நியூட்ரல்காரர் அந்த இரண்டு நிமிடத்துக்கு இரண்டு ரூபாய் கொடுக்கிறார். வருடத்துக்கு 300 நாள் என்றால் 600 ரூபாய். அவ்வளவுதான். இதை வைத்து யாரும் வீடு கட்ட முடியாது.

இதைவிடப் பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கிறது. சிக்னலில் ஒன்றரை நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிற்கிறோம். ஒரு சிக்னலுக்கு ஒன்றரை ரூபாய். நாளைக்கு எட்டு சிக்னல் என்றால் 12 ரூபாய், வருடத்துக்கு 3,600 ரூபாய். எண் காட்டும் சிக்னலில் நீண்ட நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் அணைத்துவிடுவது நல்லது. சில புதிய கார்களில் தானாக அணைந்து தானாக ஸ்டார்ட் ஆகும் வசதியே இருக்கிறது. தொந்தரவாக இருக்கிறது என்று அதை அணைத்து வைக்காதீர்கள். அதோடு, சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுப்பவருக்கும், கடைசிவரை அழுத்திக்கொண்டு போய் பிரேக் அடிப்பவருக்கும் உள்ள வித்தியாசம், கியரா நியூட்ரலா என்ற வித்தியாசத்தைவிடப் பெரியது. கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது கீழே வண்டிகள் தேங்கி நிற்பது மேலிருந்தே தெரியும். அங்கேயே காலை எடுத்தால் போதும்.

நியூட்ரலுக்குச் சாதகமான ஒரு வரவும் இருக்கிறது. அதை மறைத்தால் கணக்கு நேர்மையாக இருக்காது. மிக மெல்லிய சரிவு, நீண்ட நெடுஞ்சாலை. கியரில் காலை எடுத்தால் இன்ஜினின் பிடியில் வேகம் குறைகிறது. நியூட்ரலில் போட்டால் அதே வேகத்தில் உருண்டுகொண்டே போகிறது. கியரில் அந்த வேகத்தை வைத்துக்கொள்ள லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் நியூட்ரல் ஜெயிக்கலாம். எவ்வளவு? அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கிலோமீட்டர் என்றால் இரண்டு நிமிடம், நியூட்ரலுக்கு இரண்டு ரூபாய். கியரில் லேசாகக் காலை வைத்து லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று வைத்தால் ஐந்து ரூபாய். மூன்று ரூபாய் வித்தியாசம். அந்த மூன்று ரூபாய்க்காக, திடீரென்று மாடு குறுக்கே வந்தாலோ பின்னால் லாரி நெருங்கினாலோ உடனே வேகமெடுத்து விலக முடியாத நிலையில் வண்டியை வைத்துக்கொள்கிறோம். எந்த கியரைப் போடுவது என்று தேடுவதற்குள் இரண்டு விநாடி போய்விடும். அறுபதில் இரண்டு விநாடி என்றால் 33 மீட்டர். எனக்கு இந்த வியாபாரம் கட்டுப்படியாகவில்லை.

இப்போது மலைக்கு வருகிறேன். இன்று நான் பேச வந்ததே இதற்காகத்தான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியில் 36. வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறோம். காரும் ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து 1,300 கிலோ. இந்த எடை அந்த உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, மின்வாரியக் கணக்கில் சுமார் மூன்றரை யூனிட். நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதி எங்கே போகும்? நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்குள்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை. இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொண்டு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியே தள்ளிவிடும். பிரேக் வளைவுகளில் மட்டும் வேலை செய்தால் போதும்.

பிரேக் சூடேறினால் என்ன ஆகும்? முதலில் கருகிய வாசனை வரும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறைவாக இருக்கும். அதற்கு மேல் போனால் பிரேக் ஆயில் கொதிக்கும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது தரம். டாட் 4 என்றால் 230. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய டாட் 3 ஆயிலுக்குத் தரம் கேட்பதே 140 டிகிரிதான். டாட் 4-க்கு 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், குமிழி நசுங்கிக்கொடுக்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சென்னையின் கடற்காற்றில் மூன்று நான்கு வருடம் மாற்றாத பிரேக் ஆயிலோடு, நியூட்ரலில், முழுக் குடும்பத்தோடு மலை இறங்குவது எவ்வளவு பெரிய கடன் என்று யோசித்துப் பாருங்கள்.

மிச்சம் என்ன? மலைப்பாதை 20 கிலோமீட்டர், மணிக்கு 30 வேகம் என்றால் 40 நிமிடம். நியூட்ரலில் 40 ரூபாய் செலவு. கியரில் இறங்கியவருக்குப் பெரும்பாலான தூரம் பூஜ்யம். ஆக, மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குபவர்தான் அதிகப் பெட்ரோலும் செலவழிக்கிறார், பிரேக்கையும் தேய்க்கிறார், உயிரையும் பணயம் வைக்கிறார். ஒரே ஒரு பத்தியில்கூட அவருக்கு வரவு இல்லை.

"அப்படியானால் இன்ஜினையே அணைத்துவிட்டால் நியூட்ரலிலும் பூஜ்யம்தானே" என்று ஒருவர் கேட்டார். பெட்ரோல் பூஜ்யம், சரி. ஆனால் காரின் பிரேக்கை நாம் லேசாக மிதித்தாலே பிடிப்பதற்குக் காரணம், இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் வெற்றிட உறிஞ்சல் நம் காலுக்கு உதவுவதுதான். அணைத்துவிட்டால் ஒன்றிரண்டு மிதிக்கு மட்டும் அந்த உதவி மிச்சம் இருக்கும். பிறகு பெடல் கல் மாதிரி இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். சாவி போட்டுத் திருப்பும் வண்டியில் சாவியை வெளியே எடுத்துவிட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியில் இன்ஜினை அணைப்பது எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

மலை இறங்க வழி என்ன? பழைய டிரைவர்கள் சொல்வதுதான்: ஏறின கியரிலேயே இறங்கு. இரண்டாவதில் ஏறிய இடத்தை இரண்டாவதில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைப்பது கஷ்டம். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், மிதித்து வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், குறுகலான மலைச் சாலையில் அதுதான் விதி. கருகிய வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, இருபது முப்பது நிமிடம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு கோணிக்கொள்ளும். பெடல் இறங்கிப்போனால் பதற்றப்படாமல் பலமுறை விட்டுவிட்டு மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுங்கள், மலை ஓரமாக ஒதுங்குங்கள். கிளம்பும் முன் பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று சர்வீஸ் புத்தகத்தைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆக்டிங் டிரைவர் வைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவரிடம் இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். இறங்கத் தொடங்கும் முன், "தம்பி, டீசல் பெட்ரோல் பற்றிக் கவலைப்படாதீங்க, செகண்ட் கியர்லயே நிதானமா இறங்குங்க" என்று மரியாதையாகச் சொன்னால் எந்த டிரைவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மிச்சம் பிடித்துக் கொடுத்தால் முதலாளிக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் பலர் நியூட்ரலில் போடுகிறார்கள்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் ஓடும்போது லீவரை என் பக்கம் தள்ளவே வேண்டாம். டி-யிலேயே விடுங்கள், மலையில் எல் அல்லது மேனுவல் முறையில் குறைந்த கியருக்கு வாருங்கள். மின்சாரக் கார்க்காரர்களுக்கு இன்னும் லாபம்: காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்ட் திருப்பித் தரும். என் போட்டால் அந்த வரவு நின்றுபோகும். ஒன்று மட்டும் கவனியுங்கள். மலை மேல் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது, அந்தப் பிடிப்பும் குறையும். கொஞ்சம் காலியாக வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

நம் குடியிருப்பு விஷயம் ஒன்று. அடித்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் ராம்ப்பில் சில வண்டிகள் நியூட்ரலில், சில சமயம் இன்ஜினையும் அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் வருகின்றன. ராம்ப் இறங்க ஆகும் நேரம் பத்துப் பதினைந்து விநாடி. மிச்சம் கால் ரூபாய். சாயங்காலம் அங்கே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். காது சரியாகக் கேட்காத பெரியவர்கள் நடந்து வருகிறார்கள். இன்ஜின் சத்தம் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் கியரில், விளக்கைப் போட்டுக்கொண்டு, திருப்பத்தில் ஒரு சின்ன ஹார்ன் அடித்து இறங்குங்கள். செயற்குழு இதைப் பலகையில் எழுதி வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது.

கூட்டத்தில் கேட்ட மூன்று கேள்விகளையும் சேர்த்துவிடுகிறேன்.

மூன்றாவது மாடி அம்மா கேட்டார்: "கியரில் இறங்கினால் இன்ஜின் தேய்ந்துவிடாதா?" பெட்ரோல் எரியாமல் வெறுமனே சுற்றுவது இன்ஜினுக்கு இலகுவான வேலை. ஆயில் பம்ப்பும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆர்.பி.எம். முள் சிவப்புக் கோட்டுக்குப் போகும் அளவு அதிக வேகத்தில் குறைந்த கியரைப் போடாமல் இருந்தால் போதும். ஒருவேளை ஏதாவது தேயுமென்றாலும், பிரேக்குக்கு அது வராமல் இருப்பதே நமக்கு முக்கியம்.

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டார்: "என் பைக்குக்கும் இதே கணக்கா அங்கிள்?" பி.எஸ். 6 பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்டர் முறையில்தான் வருகின்றன. பெட்ரோல் கணக்கு எப்படியிருந்தாலும், இரண்டு சக்கர வண்டியில் இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு இன்னும் அவசியம். கிளட்சைப் பிடித்துக்கொண்டு மேம்பாலம் இறங்காதே தம்பி.

பி பிளாக் அண்ணாச்சி கேட்டார்: "ஆசைக்காக ஒரு பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கிறேன், நான் என்ன செய்ய?" அண்ணாச்சி, உங்கள் வண்டிக்கு நியூட்ரலில் கொஞ்சம் மிச்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழைய வண்டிக்குப் பிரேக்கும் பழைய பிரேக்தான். மலையில் நீங்களும் இரண்டாவது கியர்தான்.

மொத்தக் கணக்கை முடித்துக் காட்டுகிறேன். வேகம் குறைக்கும் இடத்தில் கியர் லாபம். செங்குத்து இறக்கத்தில் கியர் பெரிய லாபம். மெல்லிய சரிவில் நியூட்ரலுக்கு இரண்டு மூன்று ரூபாய் வரவு, அதற்கு ஆபத்து கூடுதல். காலை எடுங்கள், கிளட்சைத் தொடாதீர்கள், கியரை விடாதீர்கள். விடுமுறைக்குப் போகிற எல்லாரும் சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பி வாருங்கள்.